120/80 எழுதிய லாக்புக்: மருத்துவ ஆசிரியர் படிப்பில் ஒரு நிகழ்வு ஆய்வு

முதலாண்டு எம்.பி.பி.எஸ். மாணவர்கள் 150 பேர். உடலியங்கியல் துறை லாக்புக்கில் (மாணவர் தான் செய்த பயிற்சிகளைப் பதியும் ஏடு) இரத்த அழுத்தம் அளந்த பக்கத்தை மட்டும் புரட்டி, ஒவ்வொருவரும் எழுதிய மேல் அளவு, கீழ் அளவு இரண்டின் கடைசி இலக்கத்தையும் எண்ணினால் மொத்தம் 300 எண்கள். முள் நகர்ந்து அழுத்தம் காட்டும் அனிராய்டு கருவியின் முகப்பில் கோடுகள் 2 மி.மீ.க்கு ஒன்று. ஆகவே கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 ஆகிய ஐந்தில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். எல்லோரும் ஒழுங்காக அளந்திருந்தால் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 60 எண்கள் சுழியத்தில் முடியும். 214 எண்கள் அப்படி முடிந்திருக்கின்றன என்று வையுங்கள். ஒன்பது எண்கள் 117, 73 என்று ஒற்றைப்படையில் இருக்கின்றன என்றும் வையுங்கள். அந்த முகப்பில் ஒற்றைப்படைக்குக் கோடே கிடையாது. எண் வீட்டிலிருக்கும் டிஜிட்டல் கருவியிலிருந்து வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து நண்பரின் நோட்டிலிருந்து.

இந்த எண்ணிக்கைக்கு ஆன செலவு ஒரு மதிய நேரமும் ஒரு பென்சிலும். மருத்துவ ஆசிரியர்களுக்கான மேற்படிப்பில் சேர்ந்த ஓர் உதவிப் பேராசிரியர், தன் ஓராண்டுத் திட்டப்பணிக்கு இதிலிருந்து எப்படிப் போனார், எங்கே தடுக்கினார் என்பதே இந்த ஆய்வு. ஒரு குறிப்பிட்ட கல்லூரியின் பதிவு என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். இத்தகைய திட்டப்பணிகளில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களைச் சேர்த்துக் கட்டிய மாதிரி நிகழ்வு இது. மாணவர் எண்ணிக்கையும் மதிப்பெண்களும் கணக்கு விளங்குவதற்காக வைத்தவை.

பின்னணி

மருத்துவம் தெரிந்தவருக்கு மருத்துவம் சொல்லிக்கொடுக்கத் தானாகவே வந்துவிடும் என்ற நம்பிக்கையை அமைப்பாக நின்று கேள்வி கேட்டவர்களில் முன்னோடி ஜார்ஜ் மில்லர். அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் 1950களின் நடுவில் மருத்துவ ஆசிரியர்களையும் கல்வியியல் துறையினரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தார். 1959-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மருத்துவக் கல்வி ஆராய்ச்சிக்கென்றே தனி அலுவலகம் தொடங்கினார். நம் ஊர் ஆசிரியர்கள் ‘மில்லர் பிரமிட்’ என்று சொல்வது அவர் 1990-இல் எழுதிய கட்டுரையில் வருவது: அறிவது, எப்படி என்று அறிவது, செய்து காட்டுவது, நடைமுறையில் செய்வது என நான்கு படிகள்.

நம் பக்கத்தில் 1970களில் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு இலங்கையின் பேராதனையிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் ஆசிரியர் பயிற்சி மையங்கள் உருவாயின. கோவை பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியில் 2007 முதல் ஃபெய்மர் (சர்வதேச மருத்துவக் கல்விக்கான அமெரிக்க அறக்கட்டளை) மண்டல மையம் இரண்டாண்டுப் பகுதிநேர ஃபெல்லோஷிப் நடத்திவருகிறது. மருத்துவரோடு பல் மருத்துவம், செவிலியம் போன்ற பிற துறை ஆசிரியர்களும் அதில் சேரலாம். தேசிய மருத்துவ ஆணையத்தின் அடிப்படைப் பயிற்சி சில நாள் பயிலரங்கு. பதவி உயர்வுக்குத் தேவை என்பதால் எல்லோரும் முடித்துவிடுகிறார்கள். அதற்கு அடுத்த படியான மேம்பட்ட படிப்புதான் ஆளைச் சோதிக்கும். தொடக்கத்திலும் முடிவிலும் நேர்முக வகுப்புகள், இடையில் மாதக்கணக்கில் இணையவழி விவாதம், கூடவே தன் கல்லூரியிலேயே செய்து முடிக்க வேண்டிய ஒரு கல்வித் திட்டப்பணி. சான்றிதழ் அந்தத் திட்டப்பணியைத் தாண்டித்தான் கிடைக்கும்.

திறன்சார் பாடத்திட்டம் 2019-இல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்களிடமிருந்து நடைமுறைக்கு வந்தது. இரத்த அழுத்தம் அளப்பது அதில் ‘செய்து காட்டும்’ நிலையில் வருகிறது. பாடத்திட்டத்தில் அப்படி எழுதியிருக்கிறது. லாக்புக்கோ 214 சுழியங்களைக் காட்டுகிறது.

தலைப்பு சுருங்கிய விதம்

உதவிப் பேராசிரியர் முதலில் கொண்டுவந்த தலைப்பு: ‘முதலாண்டு மாணவர்களிடையே புதுமையான கற்பித்தல் முறையின் பயன்’. இப்படிப்பட்ட தலைப்புகள் ஆண்டுதோறும் வரும். புதுமை எது, பயன் எது, யாருக்கு, எவ்வளவு நாளைக்கு என்று வழிகாட்டி கேட்ட நான்கு கேள்விகளுக்கும் தலைப்பில் விடை இல்லை. இந்தப் படிப்பில் சேர்பவர்கள் பெரும்பாலும் இரண்டு மாதங்களை இங்கேதான் இழக்கிறார்கள். முறையை முதலில் பிடித்துக்கொள்கிறார்கள் (இந்த ஆண்டு ‘தலைகீழ் வகுப்பறை’, போன ஆண்டு வினாடி வினா செயலி), பிறகு அதற்கேற்ற சிக்கலைத் தேடுகிறார்கள். மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு நோயாளியைத் தேடும் வேலை.

லாக்புக் எண்ணிக்கை வந்ததும் வரிசை நேரானது. சிக்கல் கையில் இருக்கிறது: மாணவர்கள் அளக்காமலே எழுதுகிறார்கள், அல்லது சரியாக அளக்கத் தெரியாததால் எழுதுகிறார்கள். இரண்டும் வேறு. முன்னது நாணயம் பற்றியது, பின்னது திறன் பற்றியது. எது என்று தெரியாமல் பாடம் அமைத்தால் வீண். பத்து மாணவர்களை அழைத்து, மதிப்பெண் கிடையாது என்று சொல்லி, ஒருவர் கையில் ஒருவர் அளக்கவிட்டுப் பார்த்தார். எட்டுப் பேர் தொட்டறியும் முறையை (காற்றடிக்கும்போது நாடித்துடிப்பு எந்த அளவில் மறைகிறது என்று விரலால் பார்ப்பது) செய்யவே இல்லை. ஆறு பேர் காற்றை இறக்கும் திருகைத் திறந்த வேகத்தில் முள் தடதடவென்று விழுந்தது. ஒருவர் கஃப்பை, அதாவது கையில் சுற்றும் காற்றுப்பட்டையை, சட்டைக் கையின் மேலேயே கட்டினார். ஆக, திறன்தான் முதல் குறை. அது இல்லாத இடத்தை 120/80 நிரப்பியிருக்கிறது.

அடுத்து நோக்கம் எழுதுவது. ‘இரத்த அழுத்தம் அளக்கும் முறையை மாணவர்கள் புரிந்துகொள்வர்’ என்பது அவருடைய முதல் வரைவு. புரிந்துகொண்டதை எந்தத் தேர்வாளரும் கண்ணால் பார்க்க முடியாது. நான்காவது வரைவு இப்படி வந்தது:

‘அமர்ந்திருக்கும் நலமான பெரியவர் ஒருவரின் மேற்கையில், அனிராய்டு கருவியால், தொட்டறியும் முறையையும் கேட்டறியும் முறையையும் அந்த வரிசையிலேயே செய்து, 6 நிமிடத்துக்குள், இருவர் சேர்ந்து கேட்கும் ஸ்டெத்தில் உடன் கேட்ட தேர்வாளரின் அளவிலிருந்து 4 மி.மீ.க்கு மேல் விலகாமல் மாணவர் இரத்த அழுத்தத்தைப் பதிவு செய்வார்.’

யார், எந்தச் சூழலில், எதைக் கொண்டு, எவ்வளவு துல்லியமாக என்று எல்லாம் அதிலேயே இருக்கிறது. பாடத்திட்டம், செக்லிஸ்ட், தேர்வு மூன்றையும் இந்த ஒரு வாக்கியத்திலிருந்து இழுத்து நீட்டிவிடலாம். வாக்கியம் கொஞ்சம் அசிங்கமாக இருக்கிறது என்பது உண்மை. நோக்க வாக்கியம் அழகாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

நெறிமுறைக் குழு அனுமதிக்கு ஆறு வாரம் ஆனது. மாணவர் மதிப்பெண்ணை ஆய்வுக்கு எடுப்பதால் ஒப்புதல் படிவம் கட்டாயம். ஒப்புதல் தராதவருக்கும் அதே வகுப்பு, அதே பயிற்சி கிடைக்கும் என்பதையும், தராததால் உள்மதிப்பீடு குறையாது என்பதையும் படிவத்தில் எழுத வேண்டும். படிவத்தை வாங்குபவர் அந்த மாணவர்களுக்கு மதிப்பெண் போடுபவராக இருக்கக் கூடாது. இதை மறந்து திரும்பி வரும் விண்ணப்பங்கள் நிறைய.

வகுப்பு

பழைய முறை: 25 பேர் கொண்ட பேட்ச்சுக்கு ஒருவர் முன்னால் நின்று டெமோ காட்டுவார், பின்வரிசைக்கு அவருடைய முதுகு தெரியும். புதிய முறைக்கு அவர் எடுத்துக்கொண்டது பெய்ட்டனின் நான்கு படிகள். முதல் படியில் ஆசிரியர் பேசாமல், இயல்பான வேகத்தில் செய்து காட்டுகிறார். இரண்டாம் படியில் ஒவ்வொரு அசைவையும் விளக்கிக்கொண்டே செய்கிறார். மூன்றாம் படியில் மாணவர் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்கிறார். நான்காம் படியில் மாணவர் தானே சொல்லிச் செய்கிறார். மூன்றாம் படிதான் இதன் உயிர். மாணவர் ‘இப்போது காற்றடியுங்கள்’ என்றால், எவ்வளவு என்று சொல்லாத வரை ஆசிரியரின் கை அசையக் கூடாது. ‘நாடித்துடிப்பு மறைந்த அளவுக்கு மேல் 30’ என்ற சொல் மாணவர் வாயிலிருந்து வர வேண்டும்.

இந்த முறை ஒருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் அமைந்தது. 25 பேருக்குச் செய்ய முடியாது. ஐந்து ஐந்து பேராகப் பிரித்து ஐந்து ஆசிரியர்களை நிறுத்தினால் ஒரு குழுவுக்கு 50 நிமிடம் போதும்: முதல் இரண்டு படிகளுக்கு 10 நிமிடம், மூன்றாம் படிக்கு 5 நிமிடம், மீதி 35 நிமிடத்தில் ஆளுக்கு 7 நிமிடம் நான்காம் படி. துறையில் மூன்று பேர்தான் இருந்தார்கள். நான்காமவர் முதுகலை மாணவர். ஐந்தாமவர் செவிலியர் கல்லூரியிலிருந்து வந்த டியூட்டர். இந்தக் கடைசிச் சேர்க்கை தேவை கருதிச் செய்தது, ஆனால் மிகப் பயன்பட்டது. வார்டில் நாள்தோறும் அளப்பவர் என்பதால், புத்தகத்தில் இல்லாத பிழைகளை அவர் கண் பிடித்தது: கஃப்பின் குழாய் மேல்நோக்கி இருந்தால் முழங்கை மடிப்பில் ஸ்டெத்துக்கு இடம் தாராளம், ஆனால் கஃப்பில் போட்டிருக்கும் தமனிக் குறி தமனியின் மேல்தான் இருக்கிறதா என்று பார்க்க மறந்துவிடுகிறார்கள்; ஸ்டெத்தின் தலையைக் கஃப்புக்கு அடியில் செருகினால் கை ஓய்வெடுக்கிறது, ஒலி கெடுகிறது.

கஃப் அளவு தனித் தலைவலி. காற்றுப்பையின் அகலம் கைச்சுற்றளவில் 40 சதவீதமும் நீளம் 80 சதவீதமும் இருக்க வேண்டும். 22 முதல் 26 செ.மீ. கைச்சுற்றளவுக்கு 12×22 செ.மீ. பை, 27 முதல் 34-க்கு 16×30 என்பது அமெரிக்க இதய சங்கத்தின் வழிகாட்டுதல். பதினெட்டு வயதில் பலருக்குக் கை மெலிதாக இருக்கும்; சிலருக்கு 34-ஐத் தாண்டும். சிறிய கஃப் அளவைக் கூட்டிக் காட்டும், பெரியது குறைத்துக் காட்டும். ஒரே அளவு கஃப்பை வைத்துக்கொண்டு ‘கஃப் அளவைத் தேர்ந்தெடுத்தார்’ என்று செக்லிஸ்ட்டில் போடுவது வேடிக்கை. மூன்று அளவுகளும் ஒரு தையல் டேப்பும் மேசையில் இருந்தால்தான் அந்த வரிக்குப் பொருள் உண்டு.

தொட்டறியும் முறையை மாணவர்கள் ஏன் தாண்டிப் போகிறார்கள்? அது இல்லாமலும் ஓர் எண் கிடைத்துவிடுகிறது. அந்த முறை காப்பாற்றுவது, ஒலி நடுவில் மறைந்து மீண்டும் தோன்றும் இடைவெளியில் ஏமாறுவதிலிருந்து. மேல் அளவு 190 இருக்கும் முதியவருக்கு 170-க்கும் 150-க்கும் இடையில் ஒலி அடங்கிப்போகலாம். 160 வரை மட்டும் காற்றடித்தவர், ஒலி திரும்ப வரும் 150-ஐ மேல் அளவு என்று எழுதிவிடுவார். ஆனால் விடுதி நண்பனின் கையில் இப்படி ஒன்று ஒருநாளும் நடக்காது. ஆகவே படி வெறும் சடங்காகிறது. ஒலிப்பதிவு ஒன்றில் இந்த இடைவெளியை வைத்து, முள் இறங்கும் காணொளியோடு போட்டு, அளவை எழுதச் சொன்னார்கள். பாதி வகுப்பு ஏமாந்த பிறகு விளக்கம் தேவைப்படவில்லை. இதற்கு எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு: இளைஞர் சிலருக்கு ஒலி சுழியம் வரை கேட்டுக்கொண்டே இருக்கும். அப்போது ஒலி மங்கும் நான்காம் கட்டத்தைக் கீழ் அளவாகக் குறிக்கக் கற்றுக்கொடுக்காவிட்டால், மாணவர் பயந்துபோய் 80 எழுதுவார்.

செக்லிஸ்ட், தேர்வாளர், கப்பா

மதிப்பீட்டுக்கு ஆஸ்கி முறை. ஒவ்வொரு திறனுக்கும் ஓர் இடம் (ஸ்டேஷன்) ஒதுக்கி, குறித்த நேரத்தில் செய்யவைத்து, செக்லிஸ்ட்டில் குறிக்கும் இந்தத் தேர்வை ரொனால்ட் ஹார்டன் 1975-இல் அறிமுகப்படுத்தினார். அது இப்போது எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறது. நன்றாக நடப்பதுதான் அரிது.

முதல் வரைவில் பத்து வரிகள். அவற்றில் இரண்டைப் பாருங்கள்: ‘நோயாளியிடம் நல்ல முறையில் பேசினார்’, ‘கஃப்பைச் சரியாகக் கட்டினார்’. நல்ல முறை எது என்பதில் இரண்டு தேர்வாளர்கள் ஒத்துப்போக மாட்டார்கள். முதலாவது மூன்றாக உடைந்தது: தன் பெயரைச் சொன்னார், கை இறுகும் என்று முன்கூட்டியே சொன்னார், முடிவில் அளவைச் சொன்னார். இரண்டாவதும் மூன்றானது: பையின் நடுக்குறி மேற்கைத் தமனியின் மேல் இருந்தது, கீழ்விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 முதல் 3 செ.மீ. மேலே இருந்தது, கட்டிய பின் கஃப்புக்குள் விரல் நுழைகிறதா என்று பார்த்தார். பத்து வரிகள் பதினான்காயின. இருபதைத் தாண்டவிடக் கூடாது. தேர்வாளர் தாளைப் பார்ப்பாரா, மாணவரைப் பார்ப்பாரா?

‘5 நிமிடம் ஓய்வாக உட்கார வைத்தார்’ என்ற வரி ஒரு பொறி. 6 நிமிட ஸ்டேஷனில் 5 நிமிடம் யாரும் காத்திருக்க முடியாது. அதை ‘ஓய்வெடுத்தாரா, தேநீர், காபி, புகை உண்டா என்று கேட்டார்’ என்று மாற்றினார்கள். ஸ்டேஷனின் நேரத்துக்குள் அடங்காத படியைச் செக்லிஸ்ட்டில் வைத்தால் மாணவர்கள் நடிக்கக் கற்றுக்கொள்வார்கள்.

நேரக் கணக்கு இது. ஒரு மாணவருக்கு 6 நிமிடம், மாறிக்கொள்ள 1 நிமிடம். ஒரே ஸ்டேஷன் என்றால் 150 பேருக்கு 1,050 நிமிடம், பதினேழரை மணி நேரம். ஐந்து இணை ஸ்டேஷன்களில் ஆளுக்கு 30 பேர், மூன்றரை மணி நேரம். இரண்டு காலைகளாகப் பிரித்தால் ஒரு ஸ்டேஷனுக்கு 15 பேர், 105 நிமிடம். தேர்வாளரின் கவனம் அதற்குமேல் தாங்காது. கை நீட்டி உட்காரும் மாதிரி நோயாளிக்கும் ஒரு வரம்பு உண்டு. ஒரே கையில் திரும்பத் திரும்பக் காற்றடித்தால் வலிக்கும், இரத்தம் தேங்கி ஒலி மங்கும். எனவே ஒரு காலைக்கு ஸ்டேஷனுக்கு இருவர், ஒவ்வொருவரும் இடம் வலமாகக் கை மாற்றி. ஒரு கைக்கு நான்கு பேருக்கு மேல் இல்லை.

எல்லாம் திட்டமிட்ட பிறகு மின்விசிறியை யாரும் நினைக்கவில்லை. ஐந்து ஸ்டேஷனும் ஒரே கூடத்தில், மேலே எட்டு விசிறிகள், ஒவ்வொரு நிமிடமும் மணி. கோரட்காஃப் ஒலி, அதாவது காற்று இறங்கும்போது ஸ்டெத்தில் கேட்கும் தமனி ஒலி, மெல்லியது. இருவர் கேட்கும் ஸ்டெத்தில் ஒலி இரண்டாகப் பிரிவதால் இன்னும் மெல்லியது. ஒத்திகையில் பத்தில் நான்கு பேர் ‘கேட்கவில்லை’ என்றார்கள். விசிறியை நிறுத்தினால் மே மாதத்தில் மாதிரி நோயாளி வியர்ப்பார். பக்கத்து டுட்டோரியல் அறைகளுக்கு ஸ்டேஷன்களைப் பிரித்து, மணிக்குப் பதில் கதவைத் தட்டும் முறைக்கு மாறினார்கள்.

மதிப்பெண் சேராத மாதிரித் தேர்வில் 60 மாணவர்களை இரண்டு தேர்வாளர்கள் ஒரே நேரத்தில், ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் மதிப்பிட்டார்கள். ‘காற்றை மெதுவாக இறக்கினார்’ என்ற வரிக்கு வந்த விடை: இருவரும் ‘ஆம்’ 48, இருவரும் ‘இல்லை’ 3, முதலாமவர் மட்டும் ‘ஆம்’ 4, இரண்டாமவர் மட்டும் ‘ஆம்’ 5. அறுபதில் 51 இடத்தில் ஒற்றுமை, 85 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. அறிக்கையில் அப்படியே எழுதியும் விட்டார்.

வழிகாட்டி கப்பா போடச் சொன்னார்: தற்செயலாகவே வரும் ஒற்றுமையைக் கழித்த பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்று காட்டும் அளவு அது. முதலாமவர் மொத்தம் 52 பேருக்கும் இரண்டாமவர் 53 பேருக்கும் ‘ஆம்’ போட்டிருக்கிறார்கள். இருவரும் மாணவரைப் பார்க்காமலே, இதே விகிதத்தில் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்திருந்தால்கூட எவ்வளவு ஒற்றுமை வரும்? ‘ஆம்’ பக்கம் 52/60-ஐ 53/60-ஆல் பெருக்கினால் 0.766. ‘இல்லை’ பக்கம் 8/60 பெருக்கல் 7/60, அது 0.016. கூட்டினால் 0.78. ஆக 78 சதவீதம் சும்மாவே வரும். 0.85-லிருந்து 0.78-ஐக் கழித்து, மீதியை 1-லிருந்து 0.78 கழித்ததால் வகுத்தால் கப்பா சுமார் 0.31. ஒற்றுமை 85 சதவீதம், கப்பா 0.31. ஏறக்குறைய எல்லோருமே ‘ஆம்’ வாங்கும் வரிகளில் கப்பா இப்படிச் சரிவது அதன் இயல்பு. எனவே கப்பாவை மட்டும் பார்த்து வரியைத் தூக்கி எறியவும் கூடாது. ‘இல்லை’ என்று ஒருவராவது போட்ட 12 மாணவர்களில் இருவரும் ஒத்துப்போனது 3 பேரிடம்தான். தவறு செய்தவரைக் கண்டுபிடிக்க வைத்த வரி, தவறு செய்தவரிடம்தான் தடுமாறுகிறது.

காரணம் எளிது. முதலாமவர் மாணவரின் விரல் திருகைத் திருப்புவதைப் பார்த்தார். இரண்டாமவர் முள்ளைப் பார்த்தார். நொடிக்கு 2 முதல் 3 மி.மீ. என்பது சரியான வேகம். அதைக் கண்ணளவில் யார் பார்க்க முடியும்? வரியை மாற்றி எழுதினார்கள்: ‘முள் 120-லிருந்து 100-க்கு இறங்க 7 நொடிக்குக் குறையவில்லை’. 20 மி.மீ. இறங்க, சரியான வேகத்தில் 7 முதல் 10 நொடி ஆகும். தேர்வாளர் கையில் ஒரு கடிகாரம் போதும். இந்த வேகம் ஏன் முக்கியம் என்று தேர்வாளருக்கும் சொல்ல வேண்டியிருந்தது: நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60 என்றால் நொடிக்கு ஒரு துடிப்பு. நொடிக்கு 10 மி.மீ. இறக்குபவர் இரண்டு துடிப்புகளுக்கு இடையில் 10 மி.மீ. தாண்டிவிடுகிறார், மேல் அளவில் அவ்வளவு பிழை வரலாம். அதற்கு எந்தக் காதும் உதவாது.

தேர்ச்சிக் கோடு வரைவதற்கு எல்லைக்கோட்டுக் குழு முறையை எடுத்தார். செக்லிஸ்ட்டோடு தேர்வாளர் ஒட்டுமொத்தமாகவும் ‘தேர்ச்சி, எல்லைக்கோடு, தேர்ச்சியில்லை’ என்று ஒன்றைக் குறிப்பார். எல்லைக்கோட்டில் விழுந்தவர்களின் செக்லிஸ்ட் சராசரிதான் தேர்ச்சிக் கோடு. அந்தக் கூடையில் ஆறேழு பேர் மட்டும் விழுந்தால் சராசரி ஆட்டம் காணும். இங்கே பதினொன்று பேர். சமாளிக்கலாம், அவ்வளவுதான்.

ஒப்பீடு

ஒரு பாதிக்குப் பழைய முறை, மறுபாதிக்குப் புதிய முறை என்று பிரித்து ஒப்பிட அவர் நினைத்தார். காலையில் ஒரு பேட்ச் கற்றது இரவு விடுதியில் மற்ற பேட்ச்சுக்குப் போய்ச் சேரும். நல்ல முறை என்று நாமே நம்பும் ஒன்றைப் பாதிப் பேருக்கு மறுப்பதும் சரியில்லை. வகுப்புக்கு முன்னும் பின்னும் தேர்வு வைத்து ஒப்பிடலாம் என்றால், கற்பிக்காததை முன்தேர்வில் கேட்டுவிட்டுக் கற்பித்த பின் மீண்டும் கேட்டால் எந்த முறையிலும் மதிப்பெண் கூடும். ‘பி மதிப்பு 0.001-க்குக் கீழ்’ (வேறுபாடு வெறும் தற்செயல் அல்ல என்று காட்டும் புள்ளியியல் எண்) என்று வரும், அது எதையும் சொல்லாது. கடைசியில் தேர்ந்துகொண்டது எளிய ஒன்று: வகுப்பு முடிந்த வாரத்தில் ஒரு தேர்வு, ஆறு வாரம் கழித்து முன்னறிவிப்பில்லாமல் அதே ஸ்டேஷன். கேள்வியும் மாறியது: பதினான்கு படிகளில் எவை நிற்கின்றன, எவை உதிர்கின்றன?

நினைவிலிருந்து முதலில் போனது தொட்டறியும் முறை, அடுத்து கஃப்பின் நடுக்குறி. பெயர் சொல்வது, கை இறுகும் என்று சொல்வது இரண்டும் நின்றன. அடுத்த ஆண்டு வகுப்பில் 10 நிமிடம் மிச்சமிருந்தால் எங்கே போட வேண்டும் என்று இது துறைக்குச் சொல்கிறது. மொத்தச் சராசரி அதைச் சொல்லியிருக்காது.

மாணவர் கருத்துப் படிவமும் வாங்கினார்கள். ஐந்துக்கு நான்கு, ஐந்துக்கு ஐந்து. உள்மதிப்பீடு போடும் ஆசிரியர் கொடுத்த படிவத்தில் யார் இரண்டு போடுவார்கள்? இதை விளைவு என்று காட்டி முடித்துக்கொள்ளும் திட்டப்பணிகள் எண்ணற்றவை. கிர்க்பாட்ரிக் சொன்ன நான்கு நிலைகளில் இது முதல் நிலை, பிடித்திருந்ததா என்பது மட்டும். பெயர் எழுதாத துண்டுச்சீட்டில் ‘இன்னும் எந்தப் படி புரியவில்லை?’ என்று ஒரே கேள்வி கேட்டதில்தான் விஷயம் வந்தது: ‘எந்தச் சத்தத்தை நாலாவது கட்டம் என்பது?’ என்று முப்பதுக்கும் மேற்பட்ட சீட்டுகள்.

மூன்றாம் நிலை, நடத்தை மாறியதா என்பது, அடுத்த ஆண்டு லாக்புக்கில் இருக்கிறது. அதற்காக லாக்புக்கின் அந்தப் பக்கத்தில் மூன்று கட்டங்கள் சேர்த்தார்கள்: கைச்சுற்றளவு, நாடி மறைந்த அளவு, பயன்படுத்திய கருவியின் எண். 300 எண்களில் சுழியத்தில் முடிபவை 60-ஐ நோக்கி வருகின்றனவா என்று எண்ணினால் போதும். மாணவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லலாமா என்று துறையில் விவாதம் நடந்தது. சொன்னால் 118/76 என்று எழுதக் கற்றுக்கொள்வார்கள் என்றார் துறைத் தலைவர். அதில் உண்மை உண்டு, சொல்லவில்லை.

இறுதி நேர்முக வகுப்பில்

இறுதி அளிப்பில் மதிப்பீட்டாளர் கேட்ட முதல் கேள்வி புள்ளியியல் பற்றியதாக இல்லை. ‘ஐந்து கருவிகளையும் சரிபார்த்தது யார், எந்தத் தேதியில்?’ பதில் இல்லை. திரும்பி வந்து பார்த்தபோது, காற்று முழுதும் இறங்கிய பின்னும் மூன்றாம் ஸ்டேஷன் கருவியின் முள் 6-இல் நின்றது. கஃப்பைக் கழற்றி, முள் சுழியக் கட்டத்துக்குள் நிற்கிறதா என்று பார்க்க ஐந்து நொடி ஆகும். ஒரு ஒய் இணைப்பால் நம்பகமான கருவியோடு கோத்து 60, 120, 180 ஆகிய மூன்று இடத்தில் ஒப்பிட ஐந்து நிமிடம் ஆகும். மாணவருக்கான செக்லிஸ்ட்டில்கூட ‘முள் சுழியத்தில் இருக்கிறதா என்று பார்த்தார்’ என்ற வரி இருந்தது. தேர்வாளருக்கான தாளில் அது இல்லை.

அந்த ஸ்டேஷனின் 30 பேரை என்ன செய்வது? மாணவரும் தேர்வாளரும் ஒரே முகப்பைப் பார்த்தவர்கள். முள்ளின் பிழை இருவர் அளவிலும் ஒன்றாகவே ஏறுகிறது, கழிக்கும்போது நீங்கிவிடும். ஆகவே ‘4 மி.மீ.க்குள்’ என்ற முடிவு பாதிக்கப்படவில்லை. மதிப்பெண்ணைத் திருத்தத் தேவையில்லை. ஆனால் அந்த 30 பேரின் அழுத்த அளவுகளை மற்ற 120 பேருடையதோடு சேர்த்துச் சராசரி போட்ட அட்டவணை செல்லாது. அட்டவணையை நீக்கி, காரணத்தை இரண்டு வரியில் எழுதி, அறிக்கையைத் திரும்பக் கொடுத்தார். தேர்வாளர் தாளின் முதல் வரியாக இப்போது கருவி எண்ணும் முள் நின்ற இடமும் இருக்கின்றன.